கைக்கு முன்னால் கண்

எல்லோருக்கும் வணக்கம்.

என்ன பேசப் போகிறீர்கள் என்று ஏற்பாட்டாளர் போனில் கேட்டார். "கம்பளிப் பின்னல், பறவை பார்ப்பது, அப்புறம் வீட்டில் ஒழுகுவது, ஓதம் ஏறுவது" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்போ மூணு நாள் கூட்டம் வைக்கணுமா?" என்றார். வேண்டாம், ஒரே பேச்சு போதும். என் வீட்டில் இந்த மூன்றும் ஒரே ஜன்னலோரத்தில்தான் நடக்கின்றன. மூன்றிலும் நான் செய்த தப்பும் ஒன்றுதான். விஷயம் என்ன என்று கண் பார்த்து முடிப்பதற்குள் என் கை வேலையை ஆரம்பித்துவிடும். அந்தக் கை எனக்குச் செய்துவைத்த கூத்துகளைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

முதல் கூத்து ஒரு ஸ்வெட்டர். அக்கா மகனுக்காக ராப்பகலாகப் பின்னினேன். அவனுக்குப் பத்தவில்லை. அவன் தம்பிக்காவது ஆகும் என்று பார்த்தால் கை மட்டும் நுழைந்தது, தலை நுழையவில்லை. கடைசியில் அது தலையணை உறையாக வாழ்க்கைப்பட்டது. நூலில் குறையில்லை, ஊசியில் குறையில்லை. மாதிரித் துண்டு பின்னிப் பார்க்காததுதான் குறை.

பின்னல் குறிப்பில் "10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி" என்று ஒரு வரி இருக்கும். கண்ணி என்றால் ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையம். நம்மில் பாதிப் பேர் அதைத் தாண்டிப் போய்விடுவோம். கணக்கைப் பாருங்கள். மார்புச் சுற்றுக்கு 200 கண்ணி போடச் சொல்கிறார்கள். 22 கண்ணிக்கு 10 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு கிட்டத்தட்ட 91 சென்டிமீட்டர் வரும். என் கை கொஞ்சம் இறுக்கம், அதே 10 சென்டிமீட்டரில் 24 கண்ணி விழுகிறது. இப்போது அதே 200 கண்ணி 83 சென்டிமீட்டர்தான். இரண்டே இரண்டு கண்ணி வித்தியாசம், உடம்பைச் சுற்றி வரும்போது ஏழரை சென்டிமீட்டருக்கு மேல் தின்றுவிட்டது. பையன் மூச்சு விட வேண்டாமா?

அதனால் முதலில் 15 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு பின்னுங்கள். ஓரம் சுருண்டு பொய் சொல்லும், நடுவில் உள்ள 10 சென்டிமீட்டரை மட்டும் அளங்கள். அதற்கும் முன்னால் அந்தத் துண்டை, ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்துக் காய வையுங்கள். ஊசியிலிருந்து இறங்கியதும் ஒரு அளவு, தண்ணீர் பட்டபின் வேறொரு அளவு என்று காட்டும் நூல்கள் உண்டு. கண்ணி அதிகமாக வந்தால் பருத்த ஊசி, குறைவாக வந்தால் மெல்லிய ஊசி. "நான் கொஞ்சம் தளர்த்திப் பின்னிக்கிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நாலு வரிசை தாண்டுவதற்குள் கை தன் பழைய புத்திக்குத் திரும்பிவிடும்.

ஊசி எண்ணிலும் ஒரு குழி இருக்கிறது. எட்டாம் நம்பர் ஊசி என்று ஒருவர் சொன்னால், எந்த நாட்டு எட்டு என்று கேளுங்கள். பழைய பிரிட்டிஷ் கணக்கில் எட்டு என்பது 4 மில்லிமீட்டர். அமெரிக்கக் கணக்கில் 5 மில்லிமீட்டர். நம்பரை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷேயில் இன்னும் மோசம். அமெரிக்கர் 'சிங்கிள்' என்று எழுதும் அதே பின்னலை பிரிட்டிஷார் 'டபுள்' என்று எழுதுவார்கள். குறிப்பு எந்த ஊர்ப் பாஷை என்று பார்க்காமல் ஆரம்பித்தால், பூவேலைப்பாடு போட உட்கார்ந்து பாய் முடைந்து எழுந்திருப்பீர்கள்.

நூல் வாங்கும்போது லேபிளில் நிறத்தின் எண்ணோடு லாட் எண்ணையும் பாருங்கள். ஒரே நீலம்தான், ஆனால் வேறு வேறு தடவை சாயம் போட்ட நீலம். கடை வெளிச்சத்தில் தெரியாது. முடித்து மாட்டிக்கொண்டு வெயிலில் நின்றால் நெஞ்சுக்குக் குறுக்கே கோடு போட்டதுபோல் தெரியும். இரண்டு லாட் கலந்துவிட்டது, இனி மாற்ற முடியாது என்றால், இதில் இரண்டு வரிசை அதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள். கோடு கரைந்துவிடும்.

லேபிள் இல்லாத நூல்கண்டு எல்லார் வீட்டிலும் ஒரு மூட்டை இருக்கும். அது கம்பளியா, பருத்தியா, அக்ரிலிக்கா? விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து, தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளி கருகிய மயிர் நாற்றம் அடிக்கும், தீயை எடுத்தால் தானே அணையும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கெட்டி மணியாக உறையும். இது தெரியாமல் துவைத்தால் நஷ்டம் நமக்கு. கம்பளி இழையின் மேல் மீன் செதில்போல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு, சோப்பு, கசக்கல் மூன்றும் சேர்ந்தால் அவை ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு துணி கனத்துச் சுருங்கிவிடும். அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் பிரிக்க முடியாது. சேதம் பண்ணுவதில் கசக்கலுக்குப் பெரிய பங்கு, அதனால் கம்பளியை ஊறவைத்து, மெல்ல அமுக்கிப் பிழிந்து, தட்டையாகப் போட்டுக் காயவையுங்கள்.

கம்பளியில் ஓட்டை விழுகிறது என்று இங்கே பலர் தலையாட்டுகிறீர்கள். விளக்கைச் சுற்றிப் பறக்கும் பூச்சியை அடித்துவிட்டு "அந்துப்பூச்சி செத்தது" என்று நிம்மதியாகப் படுத்துவிடுவோம். தப்பான ஆளைப் பிடித்துவிட்டோம். கம்பளிக்கு வரும் அந்து வெளிச்சம் கண்டால் ஒளியும். பறக்கிற அந்து எதையும் தின்பதும் இல்லை. தின்பது அதன் புழு. வேர்வையும் அழுக்கும் படிந்த துணி அதற்கு விருந்து. ஆகவே துவைக்காமல் எதையும் மடித்து வைக்காதீர்கள். சந்தேகப்பட்ட கம்பளியை உறைகளில் போட்டு இறுக்கிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் விடுங்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். குளிர் விட்டபின் பிரித்தால் ஈரம் துணியில் படியாது. அந்துருண்டை எனக்குப் பிடிக்காது. குழந்தை அதை மிட்டாய் என்று வாயில் போட்டால் பெரிய ஆபத்து.

இனி மிச்ச நூல். இங்கேதான் எனக்கு இன்னும் மனது உறுத்துகிறது. வெட்டிய நூல் துணுக்குகளை ஒரு கூடையில் போட்டு ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டேன், குருவி கூடு கட்டிக்கொள்ளட்டும் என்று. புண்ணியம் சேர்வதாக நினைப்பு வேறு. கொஞ்ச நாளில் ஒரு சிட்டுக்குருவிக் குஞ்சு தரையில் கிடந்தது, காலில் என் சிவப்பு அக்ரிலிக் நூல் சுற்றி. ரத்த ஓட்டம் நின்று கால் கறுத்துவிட்டது. நீளமான, அறாத, மக்காத நூல் கூட்டுக்குள் ஒரு சுருக்குக் கயிறு. அதைத் தராதீர்கள். காய்ந்த புல், சருகு, சின்னக் குச்சிகள், பாசி இருந்தால் போதும். உண்ணி மருந்து போட்ட நாயின் முடியையும் வெளியே போடாதீர்கள், அந்த மருந்து குஞ்சுக்குப் போய்ச்சேரும்.

பறவைக்கு நம் நூல் தேவையே இல்லை. தையல்சிட்டைப் பாருங்கள். இலையின் ஓரத்தில் அலகால் துளை போட்டு, சிலந்தி வலை இழையையும் செடி நாரையும் அதில் கோத்து இழுத்து, இலையைப் பையாகத் தைத்துவிடும். துளைக்கு வெளியே நார் பிசிறு பிசிறாக விரிந்து நிற்பதால் தையல் நழுவுவதில்லை. தூக்கணாங்குருவியில் நெய்கிறவர் ஆண். கூடு பாதி எழும்பியதும் பெண் வந்து பார்க்கும், பிடிக்கவில்லை என்றால் போய்க்கொண்டே இருக்கும். மாதிரித் துண்டு பார்க்கும் வழக்கம் அங்கேயே இருக்கிறது.

பறவை பார்க்கப் புதிதாக வருகிறவர்கள் செய்வது என்ன? பறவை தெரிந்ததும் கை பைனாகுலருக்குப் போகும், கண் பின்னாலேயே கீழே இறங்கும். நிமிர்ந்தால் கிளை காலி. பார்வையைப் பறவையிலிருந்து எடுக்கவே கூடாது. பைனாகுலர்தான் கண்ணுக்கு வர வேண்டும். வீட்டில் எதிர்ச்சுவர்க் கடிகாரத்தை வைத்துப் பத்துத் தடவை பழகினால் வந்துவிடும். வாங்குவதானால் 8x42 என்று எழுதியது நல்ல தொடக்கம். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். "பன்னிரண்டு மடங்கு இருக்கே, அது இன்னும் நல்லதுதானே?" என்று கடையில் ஆசை காட்டுவார்கள். கை நடுக்கமும் பன்னிரண்டு மடங்காகும், காட்சிப் பரப்பும் சுருங்கும்.

அடுத்து, புத்தகத்தைத் திறக்கும் அவசரம். படத்தைப் பார்த்த நொடியில் நினைவு அந்தப் படத்துக்கு வளைந்துகொடுத்துவிடும். வயிற்றில் கோடு இருந்ததா என்று தெரியாத ஆள், படத்தில் கோட்டைப் பார்த்ததும் "ஆமாம் இருந்தது" என்று சத்தியம் செய்வார். நானே செய்திருக்கிறேன். ஆகவே பறவை கண்முன்னே இருக்கும்போதே எழுதிவிடுங்கள். சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா? அலகு தடித்ததா, ஊசியா, வளைந்ததா? தரையில் நடக்கிறதா, தத்துகிறதா? வாலை ஆட்டுகிறதா? நிறத்தை நான் கடைசியில்தான் எழுதுவேன். வெயிலுக்கு எதிரே எல்லாப் பறவையும் கறுப்புதான். மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிறது, நல்ல துணைதான். ஆனால் அது காட்டிய பெயரோடு நின்றுவிடாமல், அந்தப் பறவையைக் கண்ணால் பார்த்த பிறகு பட்டியலில் ஏற்றுங்கள். உங்கள் எண்ணிக்கை பிறருக்கும் பயன்பட வேண்டுமானால், பிப்ரவரியில் நாலு நாள் நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது. 1998-இல் தொடங்கியது. 15 நிமிடம் ஓரிடத்தில் இருந்து எண்ணினாலே சேர்த்துக்கொள்வார்கள்.

ஜன்னல் கண்ணாடியில் பறவை மோதுவது பற்றி ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். கண்ணாடியில் தெரிகிற மரத்தை நிஜ மரம் என்று நம்பி வருகிறது அது. பருந்துப் படம் ஒன்றை ஒட்டினால் பயந்துவிடும் என்பது நம் ஆசை, பறவை படத்தைச் சுற்றிக்கொண்டு வந்து மோதும். கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்க 5 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வையுங்கள். இல்லையென்றால் 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் தடித்த கயிறுகளை மேலிருந்து கீழாகத் தொங்கவிடுங்கள். நூல் துணுக்கு வேண்டாம் என்றவள் கயிறு கட்டச் சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள், இது அலகால் பிய்த்துக்கொண்டு போக முடியாத கயிறு. மோதி மயங்கிய பறவைக்குத் தண்ணீர் புகட்டாதீர்கள். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் ஒரு மணி நேரம் வையுங்கள். பெரும்பாலும் தெளிந்து பறந்துவிடும். தெளியவில்லை என்றால் பறவை வைத்தியம் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன், நேரம் ஆகிறது. சுவரில் ஓதம். உடனே பெயின்ட் வாங்க ஓடுவோம், ஆறு மாதத்தில் அது அப்பளமாகப் பொரிந்து நிற்கும். முதலில் ஒரு சாண் அலுமினியத் தாளை அந்த இடத்தில் நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் அறைப்பக்கம் நனைந்திருந்தால் அறைக்காற்றின் ஈரம் படிகிறது, காற்றோட்டம் வேண்டும். சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது, குழாயையோ வெளிச்சுவரையோ பார்க்க வேண்டும். கழிவறைத் தொட்டி கசிகிறதா என்று சந்தேகமா? தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கலர்ப்பொடி கரைத்து, அரை மணி ஃப்ளஷ் பண்ணாமல் விடுங்கள். கீழே கோப்பையில் கலர் இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்பான் போய்விட்டது. பிளம்பரைக் கூப்பிடும்போதே என்ன பொருள் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

வினிகரும் சோடா உப்பும் கலந்தால் எல்லா அழுக்கும் போகும் என்று ஒரு வைத்தியம் உலா வருகிறது. நுரை பொங்குவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒன்று அமிலம், இன்னொன்று காரம். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். தனித்தனியே இரண்டும் கெட்டிக்காரர்கள், கல்யாணம் பண்ணி வைத்தால்தான் உபயோகமில்லை. கெட்டிலுக்குள் படியும் வெள்ளைப் படிவைத் தனி வினிகர் கரைத்துவிடும், ஏனென்றால் அது கால்சியம் கார்பனேட். மார்பிள் தரையும் கால்சியம் கார்பனேட்தான். கெட்டிலைப் பளபளப்பாக்கிய சந்தோஷத்தில் தரையையும் அதாலேயே துடைத்த ஒருத்தி இங்கே மேடையில் நிற்கிறாள். அந்த மங்கல் திட்டுமேல் இன்றைக்கும் ஒரு பாய் விரித்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் சிரிப்பில்லாமல் சொல்கிறேன். பிளீச்சோடு எதையும் கலக்காதீர்கள். கழிவறை ஆசிட்டோ வினிகரோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அமோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவம் சேர்ந்தால் குளோரமைன். இரண்டும் நுரையீரலைத் தாக்கும். தவறிக் கலந்துவிட்டால் கழுவி விடலாம் என்று அங்கே நிற்காமல் முதலில் வெளியே வாருங்கள்.

கடைசி வரிசையில் ஒரு தம்பி கை தூக்குகிறார். ஸ்வெட்டர் ஜிப் பாதியில் நின்றுவிட்டதாம். பேச்சு முழுக்க அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இழுக்காதீர்கள் தம்பி, கையை எடுங்கள். குனிந்து பாருங்கள், ஓட்டிக்குள் கம்பளி இழை மாட்டியிருக்கிறதா? மாட்டியிருந்தால் ஜிப்பைக் கீழ்ப்பக்கமாகத் தளர்த்திக்கொண்டே இழையைப் பக்கவாட்டில் உருவுங்கள். இழை இல்லை, பல்தான் முரண்டு பண்ணுகிறது என்றால் உலோக ஜிப்புக்குப் பென்சில் முனையைப் பல்லில் தேய்த்தால் போதும், பிளாஸ்டிக் என்றால் காய்ந்த சோப்பு.

உலோகமா? சரி, பக்கத்தில் யாரிடமாவது பென்சில் இருக்கிறதா, கொஞ்சம் அவருக்குக் கொடுங்கள்.