செலக்‌ஷன் கமிட்டியைவிடக் காயம் நேர்மையானது

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். வணக்கம் அவ்வளவுதான், மணி உங்கள் கையில் இருக்கிறது.

'இந்திய கிரிக்கெட் அணித் தேர்வில் விஞ்சி நிற்பது திறமையா, வேண்டியவர் தயவா?' தயவுதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அதற்கு வருகிறேன், விடமாட்டேன். முதலில் காலைச் சாப்பாடு.

1936. இந்திய அணி இங்கிலாந்து போகிறது. கேப்டன் யார்? விஜயநகரம் மகாராஜகுமார், சுருக்கமாக விஸ்ஸி. (ஆந்திரத்து விஜயநகரம், ஹம்பியைத் தேடாதீர்கள்.) மூன்று டெஸ்ட், ஆறு இன்னிங்ஸ், மொத்தம் 33 ரன். நம் நடுவர் ஒரு தீர்ப்பில் சொல்லும் பழமொழிகளே அதைவிட அதிகம். அந்தப் பயணத்தில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத்தை முதல் டெஸ்டுக்கு முன்னாலேயே கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். 33 ரன் அடித்தவருக்கு அதே பயணத்தில் 'சர்' பட்டம்!

அப்புறம் ஓவல் டெஸ்ட் வருகிறது. பந்துவீச்சாளர் ஷுட் பானர்ஜி ஆடுவார் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆடியது பாகா ஜிலானி. ஏன்? கிரிக்கெட் உலகம் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிற காரணம் இது: காலைச் சாப்பாட்டு மேசையில் ஜிலானி, சி.கே. நாயுடுவை எல்லோர் முன்னாலும் மரியாதையில்லாமல் பேசினார். விஸ்ஸிக்கு நாயுடுவைக் கண்டால் ஆகாது. ஜிலானி நாயுடுவைத் திட்டினார், விஸ்ஸி ஜிலானிக்கு டெஸ்ட் தொப்பி கொடுத்தார் என்பார்கள்.

பின்வரிசைக்குச் சரியாகக் கேட்டிருக்காது, மறுபடி சொல்கிறேன். வலைப்பயிற்சியில் ஸ்டம்பைப் பெயர்த்ததற்காக இல்லை, கேட்ச் பிடித்ததற்காக இல்லை. ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சீனியர் ஒருவரைத் திட்டியதற்காக! உலகத்திலேயே பிளேட்டைப் பார்த்து பவுலரைத் தேர்ந்தெடுத்த ஒரே அணி நம் அணிதான் ஐயா. அவர் திட்டியது யாரை? இந்தியாவின் முதல் டெஸ்ட் கேப்டனை. திட்டு வாங்கிய நாயுடு அதே டெஸ்டில் 81 ரன் அடித்தார். திட்டியவருக்கு ஒரு விக்கெட்கூட இல்லை, அந்த ஒரு டெஸ்டோடு அவர் கதை முடிந்தது. பாவம் பானர்ஜி, ஒழுங்காக வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருப்பார் போல. அவர் டெஸ்ட் ஆட 1949 ஆனது, அவருக்கும் அது ஒன்றுதான்.

இப்போது தங்கைக்கு வருகிறேன். என்ன சொன்னார்? "எதிரணி அண்ணன் சோபாவில் உட்கார்ந்து ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு அணி தேர்ந்தெடுப்பவர். அவருக்குப் பிடித்த ஆள் வரவில்லை என்றால் உடனே பாரபட்சம் என்பார். தயவில்லாமல் வந்த நடராஜனைப் பார்க்கச் சொல்லுங்கள்." நீங்களும் கைதட்டினீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தங்கச்சி, ரிமோட் என் கையில் இருந்தால் நான் எதற்கம்மா பட்டிமன்றத்துக்கு வருகிறேன்?

சரி, நடராஜனையே பார்ப்போம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த யார்க்கர் மன்னன். அவர் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 2020-இல் ஆஸ்திரேலியாவுக்கு அவர் எப்படிப் போனார்? நெட் பவுலராக. அதாவது நம் பேட்ஸ்மேன்கள் அடித்துப் பழகுவதற்குப் பந்து போட. வருண் சக்கரவர்த்திக்குத் தோள்பட்டையில் காயம், நடராஜன் டி20 அணிக்குள் வந்தார். உமேஷ் யாதவுக்குக் காலில் காயம், டெஸ்ட் அணிக்குள் வந்தார். பும்ரா, அஸ்வின், ஜடேஜா என்று ஆளுக்கொரு வலியோடு படுக்க, பிரிஸ்பேன் காபா டெஸ்டில் ஆடினார். ஆர்.ஏ.சி. டிக்கெட்டில் ஏறி, பாதி ரயில் இறங்கிப் போனபிறகு சீட் கிடைத்த கதை இது. நெட் பவுலராகவே நிறுத்திவைக்கப்பட்ட வாஷிங்டன் சுந்தரும் அதே காபாவில் ஆடினார். முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட், 62 ரன். நடராஜனுக்கும் அங்கே மூன்று விக்கெட். எல்லோரும் நலமாக இருந்திருந்தால் இந்த இரண்டு பேரும் அன்றைக்குப் பெஞ்சில் தண்ணீர் பாட்டிலோடு இருந்திருப்பார்கள். நடராஜனை கமிட்டியா தேர்ந்தெடுத்தது? காயம் தேர்ந்தெடுத்தது அம்மா!

என்னைக் கேட்டால் காயம்தான் நாட்டிலேயே நேர்மையான செலக்டர். அதற்கு மும்பையா டெல்லியா என்று தெரியாது, யார் மகன் என்று தெரியாது. சில சமயம் அந்தக் காயம் ஆறித் தொலைத்தாலும் ஆபத்து. கருண் நாயர் 2016 டிசம்பரில் நம் சேப்பாக்கத்தில் ஆட்டமிழக்காமல் 303 அடித்தார். சேவாக்குக்கு அப்புறம் இந்தியாவுக்கு முச்சதம் அடித்த ஒரே ஆள். அடுத்த டெஸ்ட் ஹைதராபாத்தில். காயத்திலிருந்து ரஹானே குணமாகித் திரும்பினார், கருண் வெளியே. முந்நூறு அடித்தவனுக்கு அடுத்த ஆட்டத்தில் இடம் இல்லை என்றால் எவ்வளவு அடித்தால் இடம்? இதற்குத் தங்கை நாற்காலியிலிருந்தே தலையாட்டுகிறார், ஆட்டட்டும்.

மணி அடிக்காதீர்கள் ஐயா, ஒருவரைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகிறேன். சிரிப்பெல்லாம் போதும்.

1988. மும்பையில் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டம். சச்சினும் காம்ப்ளியும் சேர்ந்து 664 ரன் அடித்த ஆட்டம், எல்லோருக்கும் தெரியும். அடுத்து இறங்க வேண்டிய பையன் காலில் பேடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடுத்த விக்கெட் விழவே இல்லை. அந்தப் பையன் அமோல் முஜும்தார். வளர்ந்து, மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டத்திலேயே 260 அடித்தார். முதல்தர கிரிக்கெட்டில் 11,167 ரன், 30 சதம். இந்தியாவுக்கு ஒரு டெஸ்ட்? இல்லை. ஒரு ஒருநாள் போட்டி? அதுவும் இல்லை. டிராவிட், லட்சுமண், கங்குலி இருந்த காலம், இடம் எங்கே என்று எதிரணி கேட்கும். நியாயமான கேள்விதான், கேட்கட்டும். ஆனால் ஒவ்வொரு முறை அணி அறிவிக்கும்போதும் தன் பெயர் வருகிறதா என்று இருபது வருஷம் பார்த்துக்கொண்டிருந்த மனுஷனிடம் போய் அந்தக் கணக்கைச் சொல்ல எனக்கு வாய் வராது ஐயா. அந்த வீட்டிலும் ஒரு அம்மா இருந்திருப்பார்கள், பட்டியலை முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை இரண்டு தடவை படித்திருப்பார்கள்.

2025 நவம்பர் 2, நவி மும்பை. பெண்கள் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. நம் பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்றார்கள். ஆட்ட நாயகி ஷஃபாலி வர்மா, 87 ரன், இரண்டு விக்கெட். அந்தப் பெண் முதலில் அறிவித்த 15 பேரில் இல்லை, தெரியுமா? பிரதிகா ராவலுக்குக் கணுக்காலில் அடிபட்டதால் நாக்-அவுட்டுக்கு வந்தவள். பயிற்சியாளர் யார்? அமோல் முஜும்தார். கோப்பையை வென்ற கேப்டன் ஹர்மன்பிரீத் நேராகப் போய் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அதைப் பார்த்து என் வீட்டில் கிரிக்கெட்டே தெரியாதவர்கள்கூட அழுதார்கள். நானும் அழுதேன், சோபாவில் உட்கார்ந்துதான் அழுதேன் தங்கச்சி.

நடுவர் அவர்களே, திறமைக்கே இடம் என்று தீர்ப்புச் சொல்வதானால் தாராளமாகச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், முஜும்தாருக்கு வராமல் போன அந்த ஒரே ஒரு டெஸ்டை எந்த வருஷத்தில் கொடுத்திருக்கலாம் என்று எதிரணித் தலைவரை ஒரு தடவை எழுந்து சொல்லச் சொல்லுங்கள். உட்காருகிறேன், நன்றி.