மாளிகைக்குப் பின்னால் இருக்கும் கட்டடம்

நண்பர்களே, வணக்கம்.

அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டாரே ஜான் ஹான்காக், பாஸ்டனில் அவர் வாழ்ந்த மாளிகையை 1863-ல் இடித்துவிட்டார்கள். அந்த இழப்பு பலரை உலுக்கியது. அப்புறம் மாசசூசெட்சில் ஊருக்கு ஊர் வரலாற்றுச் சங்கங்கள் காலனி காலத்து வீடுகளை வாங்கி அருங்காட்சியகமாக்கின.

சரி, வீடு தப்பியது. உள்ளே யாருடைய கதையைச் சொல்வது?

பாஸ்டனுக்குப் பக்கத்தில் மெட்ஃபர்டில் ராயல் இல்லம் இருக்கிறது. ஆன்டிகுவா தீவின் கரும்புத் தோட்டத்தில் பணம் சேர்த்த ஐசக் ராயல், 1737-ல் அங்கே குடிவந்தார். அடிமைகளாக வைத்திருந்த 27 பேரையாவது கூடவே கொண்டுவந்தார். 1908-ல் ஒரு சங்கம் அந்த வீட்டைக் காக்கப் பொறுப்பேற்றது. வருகிறவர்கள் வெகுகாலம் ரசித்ததெல்லாம் மரவேலைப்பாட்டையும் மாடிப்படியையும்தான். சில எட்டு தள்ளி அடிமைகள் தங்கிய கட்டடம் நின்றுகொண்டேயிருந்தது. அமெரிக்காவின் வட மாநிலங்களில் அப்படித் தனியாக எஞ்சியிருப்பதாகத் தெரிந்த ஒரே கட்டடம் அது. இந்த நூற்றாண்டில்தான் சங்கம் தன் பெயரிலேயே அதைச் சேர்த்துக்கொண்டது. நான் மிகவும் மதிக்கும் முடிவு இது.

அங்கே அடிமையாக இருந்தவர் பெலிண்டா. சிறுமியாக ஆப்பிரிக்காவில் பிடிக்கப்பட்டவர். முதுமையில், 1783-ல், ராயல் சொத்திலிருந்து தனக்கு ஓய்வூதியம் வேண்டும் என்று சட்டமன்றத்துக்கு மனுக் கொடுத்தார். ஆண்டுக்கு 15 பவுண்டு 12 ஷில்லிங் தரச் சொல்லி உத்தரவானது. ஆனால் பணம் ஒழுங்காக வரவில்லை. திரும்பத் திரும்ப மனுப்போட்டார்.

பெலிண்டாவுக்காவது மனு இருக்கிறது. மற்றவர்களுக்கு? எஜமானர்கள் ஓவியமும் கணக்கேடும் விட்டுப்போனார்கள். இவர்கள் விட்டுப்போனது மண்ணுக்குள் இருக்கிறது. அந்த முற்றத்தைத் தோண்டியபோது, உடைந்த பீங்கானைத் தேய்த்துச் செய்த விளையாட்டுக் காய்கள் கிடைத்தன. வேலை ஓய்ந்த நேரத்தில் யாரோ உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள்!

அதனால்தான் பழைய வீடுகளைக் காக்கும் எல்லாச் சங்கத்தாரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். வடிகால் குழாய் பதிக்கப் பின்முற்றத்தைத் தோண்டுவதற்கு முன் ஒரு தொல்லியல் அறிஞரைக் கூப்பிடுங்கள். வேலைக்காரர் அறையில் உளுத்த பலகையைக் கழற்றினால், அதை எறிவதற்கு முன் திருப்பிப் பாருங்கள். ரம்பத் தடம் நேர்கோடாக இருந்தால் கையால் அறுத்ததாகவோ நீர்விசையில் ஓடிய பழைய மர ஆலையில் அறுத்ததாகவோ இருக்கும். வளைந்திருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வட்ட ரம்பம். கட்டடத்தின் வயதுக்கு அதுவும் ஒரு சாட்சி. படம் எடுத்து, எண்ணிட்டு, எடுத்து வையுங்கள்.

அடுத்த முறை நன்கொடை வந்தால் பின்கட்டடத்தின் கூரைக்கு முதலில் ஒதுக்குங்கள். வரவேற்பறையின் சுவர்த்தாள் இன்னும் ஒரு வருடம் காத்திருக்கட்டும்.