முதலில் கால்வாய், பிறகு கரை
(பொங்கல் விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, அம்பலகாரர் அவர்களே, நகரத்தார் பெருமக்களே, ஆச்சிமார்களே, தாய்மார்களே! கோலாலம்பூரிலிருந்து பொங்கலுக்கு ஊர் வந்து, தன் வீட்டு முகப்பையே மேடையாகக் கொடுத்திருக்கும் அண்ணன் அவர்களுக்கு முதல் வணக்கம். எனக்கு முன் பேசிய தமிழாசிரியர் ஐயாவுக்கும், காலையிலிருந்து பந்தலில் நிற்கும் இளைஞர்களுக்கும், பொன்னாடை போர்த்திய நூலகர் அம்மாவுக்கும் என் நன்றி.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஒன்று பறவை, இரண்டு ஆற்று மணல், மூன்று கழிவுநீர். மூன்றுக்கும் அடியில் ஒரு பழமொழி இருக்கிறது: தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே.

பறவையிலிருந்து தொடங்குகிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. தீபாவளிக்கு அப்பத்தாவோடு, நம் சிவகங்கைச் சீமையில் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போயிருந்தேன். அப்பத்தாவுக்குப் பழக்கமான வீடு ஒன்று அங்கே இருந்தது. திருப்பத்தூரில் இறங்கியதும் அடம்பிடித்து ஒரு சரவெடி வாங்கிக்கொண்டேன். இரவெல்லாம் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன். விடியற்காலையில் எண்ணெய்க் குளியல், புதுச்சட்டை, கையில் ஊதுபத்தி. வாசலுக்கு வந்தால் ஊரே அமைதியாக இருக்கிறது! தெருவில் ஒரு பட்டாசுத் தாள்கூட இல்லை. பிள்ளைகள் என் கையிலிருந்த சரத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு கிழவி இறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் கையைப் பிடித்துக் கண்மாய்க் கரைக்கு அழைத்துப் போனார். தண்ணீருக்குள் கருவேல மரங்கள்; மரமெல்லாம் நாரையும் அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும். சில அலகில் சுள்ளி வைத்திருந்தன. கிழவி மெல்லக் கேட்டார்: “உங்கள் வீட்டுக்குப் பிள்ளைத்தாய்ச்சி வந்திருந்தால், வாசலில் வெடி போடுவாயா அப்பச்சி?” நான் அந்தச் சரத்தைக் கிழவியின் கையிலேயே கொடுத்துவிட்டேன். பிரித்துத் திரியைப் பார்க்கக்கூட இல்லை. பதிலுக்கு ஒரு கை நிறைய அதிரசம் கிடைத்தது.

1977ஆம் ஆண்டில்தான் அரசு அந்த இடத்தை வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் என்று அறிவித்தது. நான் சொல்வது அதற்கும் முந்திய கதை. பலகை இல்லை, காவலர் இல்லை. கிழவியின் ஒரு கேள்விதான் சட்டம். இன்றும் அந்த ஊர் மக்கள் பட்டாசு வெடிப்பதில்லை. பறவை எச்சம் கரைந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பதும், நத்தைகுத்தி நாரை வயல் நத்தையைத் தின்னும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். நாம் வெடியை நிறுத்தியதால் மட்டும் பறவை பிழைக்காது. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்வரைதான் கூடு பத்திரம். மார்கழி, தை மாதங்களில் கண்மாய் வற்றினால் நாயும் பூனையும் மரத்தடிக்கு வந்துவிடும். தவறி விழுகிற குஞ்சு அதோடு போயிற்று. தாய்ப்பறவைக்கும் அருகில் இரை இல்லாமல் போகும். அடுத்த ஆண்டு அவை வேறு ஊர் பார்க்கும்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வர வேண்டும்? பாலாறு, மணிமுத்தாறு, விருசுளியாறு, தேனாறு என்று நம் சீமையில் பெயருக்குக் குறைவில்லை. ஆனால் மழைக்காலத்தில் சில நாள் ஓடுகிற ஆறுகள் இவை. அந்தச் சில நாளில் வரத்துக் கால்வாய் வழியாக வந்து கண்மாயில் சேர்ந்தால் சேர்ந்ததுதான். ஒரு கண்மாய் நிறைந்து, மிஞ்சிய நீர் வழியும் கலுங்கு பாய்ந்தால்தான் அடுத்த கண்மாய்க்கு உண்டு. நடுவில் ஒரு கால்வாய் அடைபட்டால் கீழே உள்ள அத்தனை ஊருக்கும் அடைபட்டது.

மணலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மணலை அள்ள அள்ள ஆற்றின் படுகை கீழே இறங்குகிறது. ஆற்றுத் தண்ணீர் கால்வாய்க்குள் நுழைகிற தலைமடையோ பழைய உயரத்திலேயே நிற்கிறது. வெள்ளம் கண் முன்னே ஓடும், கால்வாயில் ஏறாது. மேலே தைலமரக் காட்டில் வெட்டிய வரப்பும் குழியும் ஓடிவரும் மழைநீரை அங்கேயே நிறுத்திவிடுகின்றன. தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்றார்கள். நாம் தண்ணீரின் வழியையே அடைத்துவிட்டு, வானம் பொய்த்தது என்று புலம்புகிறோம்.

நான் பல ஆண்டுகளாக ஒரே பாட்டைப் பாடுகிறேன் என்று நண்பர்கள் சொல்வார்கள். பாடுவேன். நம் ஊரில் கண்மாயைத் தூர்வாரினோம், கரையை உயர்த்தினோம், படித்துறையும் கட்டினோம். கால்வாயை எவரும் தொடவில்லை. சீமைக்கருவேலம் அதில் காடாக நிற்கிறது. கிராமக் கணக்கில் கால்வாய் என்று எழுதிய இடத்தில் இன்று வேலி இருக்கிறது, செங்கல் அடுக்கியிருக்கிறது. வேலி போட்டவரும் நம் பங்காளிதான். அவரைப் பகைக்கச் சொல்லவில்லை. நில அளவையரை வைத்து அளந்து, இரு பக்கமும் எல்லைக்கல் நடுவோம். அளந்த பிறகு பேசுவது எளிது.

முற்றத்தில் விழுகிற மழையை அண்டாவில் பிடித்து, மிச்சத்தை ஊருணிக்கு அனுப்பிய வீடுகள் நம்முடையவை. கோயில் திருப்பணிக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று புள்ளிவரி தவறாமல் கொடுக்கிறவர்கள் நாம். இந்த ஆண்டு அதில் ஒரு பங்கு கால்வாய்க்கு என்று கூட்டத்தில் முடிவெடுங்கள். அண்ணன் அவர்கள் தலையசைக்கிறார். அதை நான் வாக்காகவே எடுத்துக்கொள்கிறேன்.

கழிவுநீரைப் பற்றியும் சொல்வதாகச் சொன்னேன். தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். தெருச் சாக்கடையை ஊருணியில் கொண்டுபோய் விடுகிறவர்களுக்கு மட்டும் அந்தப் பழமொழியை மறுபடி சொல்கிறேன்: தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே.

கால்வாயின் புல வரைபட நகல் என்னிடம் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கலுங்கடியில் நிற்பேன். மண்வெட்டி வேண்டாம். செருப்பும் குடிதண்ணீரும் போதும், முள் அதிகம். ஆற்றுத் தலைமடை வரைக்கும் நடந்து பார்ப்போம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். நன்றி, வணக்கம்.