திறக்கப்படாத பைல்

சிரேஷ்ட சட்டத்தரணிகளுக்கும் கனிஷ்டர்களுக்கும் பயிலுநர்களுக்கும் வணக்கம்.

இன்று வீட்டுக்குப் போனதும் அலுமாரியின் அடித்தட்டைப் பாருங்கள். அங்கே ஒரு பைல் கிடக்கும். எடுக்க வேண்டும் என்று தெரியும், ஆனால் கை போகாது. கட்சிக்காரர் அழைத்தால் போனை எடுக்க மனம் வராது. "அடுத்த கிழமை பார்க்கலாம்" என்று மூன்று மாதம் ஓடியிருக்கும். இதைச் சோம்பல் என்று நினைத்து நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். மனச்சோர்வும் பதற்றமும் நம் தொழிலில் முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் இப்படித்தான். பயம் தரும் வேலையை மனம் ஒதுக்குகிறது. ஒதுக்கிய அன்று சற்று நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிக்காகவே மறுநாளும் ஒதுக்குகிறது. தவணை தப்புகிறது, வெட்கம் கூடுகிறது, பைல் இன்னும் கனமாகிறது.

2016இல் அமெரிக்காவில் 12,825 சட்டத்தரணிகளிடம் நடத்திய ஆய்வில் 28 வீதமானோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், 19 வீதமானோரிடம் பதற்றத்தின் அறிகுறிகளும் தெரிந்தன. ஐந்தில் ஒருவரின் குடிப்பழக்கம் ஆபத்தான அளவில் இருந்தது. தொழிலுக்கு வந்து முதல் பத்து வருடங்களில் இருப்போரின் நிலைதான் மோசம். அந்த எண்களை அப்படியே நம் இலங்கை மலையகத்து ஹட்டனுக்கோ பதுளைக்கோ பொருத்த முடியாது. ஆனால் இளையவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள் என்ற செய்தியை இங்கே யாரும் மறுக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

மலையகத்தில் இந்தப் பாரம் இன்னொரு வகையில் கூடுகிறது. காலையில் நுவரெலியா, மறுநாள் கம்பளை, அதற்கடுத்த நாள் நாவலப்பிட்டி. ஜூன் மழையில் கினிகத்தேனைப் பாதையில் மண் சரிந்தால் வழக்கு அழைக்கும் நேரத்துக்கு நீங்கள் பஸ்ஸிலேயே இருப்பீர்கள். தோட்டத்திலிருந்து வரும் கட்சிக்காரர் தனியாக வருவதில்லை. குடும்பமே வரும். நீதிமன்றத்தில் நடப்பது பெரும்பாலும் சிங்களத்தில் என்பதால், அவர்களுக்கு நீங்கள்தான் சட்டத்தரணி, மொழிபெயர்ப்பாளர், ஆறுதல் சொல்லும் ஆள். லயன் வீட்டிலிருந்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) வெளியேற்றம், சேவைநீக்கம், பராமரிப்பு வழக்கு, வீட்டு வன்முறை, சிறுவர் துஷ்பிரயோகம் எல்லாம் ஒரே மேசைக்கு வருகின்றன. தமிழில் கேட்ட வேதனையைச் சிங்களத்தில் எழுதும்போது அதை இரண்டு தடவை அனுபவிக்கிறீர்கள். இந்தச் சுமை எந்தக் கட்டணப் பட்டியலிலும் வராது.

முதலில் அந்தப் பைலை என்ன செய்வது என்று பார்ப்போம். தனியாகத் திறக்காதீர்கள். நம்பிக்கையான ஒரு சக சட்டத்தரணியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் பேசத் தேவையில்லை. 25 நிமிடத்துக்கு மணி வைத்துக்கொண்டு கடைசி வழக்கேட்டுக் குறிப்பை, அதாவது கடந்த தவணையில் நீதிமன்றம் பதிந்ததை மட்டும் வாசியுங்கள். முழுப் பைலையும் முதல் பக்கத்திலிருந்து படிக்கப் போனால் மறுபடியும் மூடிவிடுவீர்கள். பிறகு ஒரு தாளில் மூன்றே வரி: அடுத்த தவணை எப்போது, சட்டக் காலவரை எப்போது முடிகிறது, இப்போது செய்யக்கூடிய ஒரே ஒரு காரியம் என்ன. அந்த ஒரு காரியத்தை அன்றே செய்துவிட்டுக் கட்சிக்காரருக்கு அழைத்துச் சொல்லுங்கள்.

தவணை தப்பியிருந்தாலும் எல்லாம் முடிந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். உங்கள் கட்சிக்காரர் எதிராளியாக இருந்து, அவர் வராத நிலையில் அவருக்கு எதிராக ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை வந்திருந்தால், அது அவரிடம் கையளிக்கப்பட்டு 14 நாட்களுக்குள் அதை நீக்கக் கோர முடியும். வழக்காளி வராமல் வழக்குத் தள்ளுபடியானாலும் நியாயமான காலத்துக்குள் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. உங்கள் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்தான். ஆனால் பதறிய மனம் இதை மறந்துவிடுகிறது. அதனால்தான் சொல்கிறேன்.

தவணைப் புத்தகம் ஒன்று போதாது. மாவட்ட நீதிமன்ற மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு 14 நாள், மேன்முறையீட்டு மனுவுக்குத் தீர்ப்பிலிருந்து 60 நாள், சேவைநீக்க வழக்கைக் கேட்கும் தொழில் நியாய சபைக்குச் சேவை முடிந்த நாளிலிருந்து 6 மாதம். இவற்றைத் தலையில் சுமந்துகொண்டு தூங்க முடியாது. காலவரைகளுக்கென்று தனிப் புத்தகம் வையுங்கள். கடைசி நாளை எழுதுவதோடு நிறுத்தாமல் அதற்கு 7 நாள் முன்னால் ஒரு அடையாளம் போடுங்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எழுதுவினைஞரும் நீங்களும் சேர்ந்து அதைப் பாருங்கள். இரவு மூன்று மணிக்குத் திடுக்கிட்டு விழிப்பவர்களுக்கு மாத்திரையைவிட இது உதவும் சந்தர்ப்பங்கள் உண்டு.

துஷ்பிரயோக வழக்குகளில், கேட்பவருக்கும் காயம் படுகிறது. கேட்ட காட்சி நினைக்காமலே கண்முன் வரும். சொந்தப் பிள்ளையை முற்றத்துக்கு விடவும் பயமாக இருக்கும். அல்லது எதைக் கேட்டாலும் மனம் மரத்துப் போகும். இதற்குச் சில ஒழுங்குகள்: அத்தகைய நேர்காணலைக் காலையில் வையுங்கள், ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம், கடைசி வேலையாக ஒருபோதும் வேண்டாம். முடிந்ததும் பத்து நிமிடம் வெளியே நடந்துவிட்டு அடுத்தவரை உள்ளே அழையுங்கள். சான்றாக வரும் படங்களைச் சிறிதாகக் கறுப்பு வெள்ளையில் பாருங்கள். காணொளியை முதல் தடவை சத்தமில்லாமல் ஓடவிடுங்கள். கட்சிக்காரருக்குக் கொடுக்கும் போன் எண் வேறாக இருக்கட்டும். இரவு எட்டு மணிக்குப் பிறகு அது நிறுத்தப்படும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கைது, வீட்டு வன்முறை போன்ற அவசரத்துக்கு யாரை அழைப்பது என்பதையும் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒழுங்கு இரண்டு நாள்கூட நிலைக்காது.

அடுத்தது குளிருக்கு ஒரு பெக். மது தோலின் இரத்தக் குழாய்களை விரிக்கிறது. உடம்பு சூடானதுபோல் இருக்கும், உண்மையில் உடல் வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும். தூக்கம் சீக்கிரம் வரும், ஆனால் இரவின் பின்பாதி குலைந்துவிடும். தூக்க மாத்திரையோடு மது சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். கட்சிக்காரர் நன்றிக்காகக் கொண்டுவரும் போத்தலை மறுக்கப் பழகுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு பிளேன்டீயையும் குறைத்துப் பாருங்கள். தேயிலை நாட்டில் இதைச் சொல்வது கஷ்டம்தான்.

எப்போது மருத்துவரிடம் போவது? உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விகள் இருக்கின்றன. கடந்த இரண்டு வாரத்தில் மகிழ்ச்சியாக இருந்தேனா, அமைதியாக இருந்தேனா, சுறுசுறுப்பாக இருந்தேனா, காலையில் புத்துணர்ச்சியோடு எழுந்தேனா, அன்றாட வாழ்வில் எனக்குப் பிடித்த விடயங்கள் இருந்தனவா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி. கூட்டினால் 13க்குக் குறைந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரச வைத்தியசாலைகளின் மனநல கிளினிக்குகளில் சிகிச்சை இலவசம். நுவரெலியாவில் யாரும் பார்த்துவிடுவார்கள் என்று தயங்கினால் கண்டிக்குப் போங்கள், ஆனால் போங்கள். மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்ய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் பலனில்லை என்று விட்டுவிடுவதும், கொஞ்சம் தேறியதும் சொல்லாமல் நிறுத்துவதும்தான் அடிக்கடி நடக்கும் தவறுகள்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் 1926க்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் 24 மணி நேர எண். 1333 என்ற ஆலோசனை எண்ணிலும் இலவசமாகப் பேசலாம். சக சட்டத்தரணி ஒருவருக்கு அந்த எண்ணம் இருக்குமோ என்று தோன்றினால் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. பதில் ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள், வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அகற்றச் சொல்லுங்கள். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமல்ல. ஆகவே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் வழக்கு வரும் என்ற பயம் வேண்டாம்.

கடைசியாக, கனிஷ்டர்களை வைத்திருக்கும் சிரேஷ்டர்களுக்கு. வெள்ளிக்கிழமை புத்தகம் பார்க்கும்போது "எந்தப் பைலைத் திறக்கத் தயக்கமாக இருக்கிறது தம்பி, தங்கச்சி?" என்று கேளுங்கள். பதில் வந்தால் ஏசாதீர்கள். ஒரு தடவை ஏசினாலே அடுத்த வெள்ளி அவர்கள் "எல்லாம் சரி சேர்" என்பார்கள், பைலும் அடித்தட்டுக்குப் போய்விடும். கதிரையை இழுத்துப் பக்கத்தில் உட்காருங்கள், 25 நிமிடம் போதும்.