ஆறு ஸ்டேஷன், ஒரே முதலாளி: மைனாட் நகரத்து வானொலியின் கதை

[திரையில்: பனி மூடிய ரயில் பாதை, இரவு]

2002 ஜனவரி 18. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் மைனாட் என்று ஒரு நகரம். அப்போது மக்கள்தொகை சுமார் 36,000. நம் கணக்கில் சின்ன ஊர்தான். ஆனால் ஆள் குறைவான அந்த மாநிலத்தில் அதுதான் நான்காவது பெரிய நகரம். சுற்று வட்டாரத்துப் பண்ணைகளுக்கெல்லாம் கடைத்தெருவும் ஆஸ்பத்திரியும் அங்கேதான்.

நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. குளிர் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே. ஊர் எல்லையில் 112 பெட்டிகளுடன் வந்த ஒரு சரக்கு ரயிலின் 31 பெட்டிகள் தடம் புரண்டன. அவற்றில் ஐந்து டாங்கர்கள் வெடித்துப் பிளந்தன. உள்ளே இருந்தது நீர் கலக்காத அமோனியா. வயலுக்கு உரமாகப் போடுவது. சுமார் ஐந்தரை லட்சம் லிட்டர் வெளியே கொட்டி, வெள்ளை மேகமாகத் தரையோடு தரையாக ஊருக்குள் நகர்ந்தது.

அமோனியா கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும். இப்படிப்பட்ட நேரத்தில் மக்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: வெளியே வராதீர்கள். ஜன்னலை அடையுங்கள், ஈரத்துணியை முகத்தில் கட்டுங்கள், குளியலறையில் ஷவரைத் திறந்துவிட்டு உட்காருங்கள். ரயில் தடம் புரண்டதில் பல வீடுகளில் மின்சாரமும் போய்விட்டது. டிவி இல்லை. கையில் இருந்தது பேட்டரி ரேடியோவும் கார் ரேடியோவும்தான்.

திருப்பினார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த இரவில் தப்பித்துப் போக முயன்ற ஒருவர் இறந்தார். முந்நூறு பேருக்கு மேல் காயம்.

[திரையில்: ஆறு ரேடியோ டயல்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக]

மைனாட்டில் அப்போது ஆறு வணிக வானொலி நிலையங்கள் இருந்தன. நான்கு எஃப்.எம்., இரண்டு ஏ.எம். ஒன்றில் நாட்டுப்புற இசை, ஒன்றில் ராக், ஒன்றில் புதுப் பாட்டு என்று ஆறும் ஆறு மாதிரி. ஆனால் ஆறுக்கும் முதலாளி ஒருவர்தான்: டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவைத் தலைமையிடமாகக் கொண்ட கிளியர் சேனல் நிறுவனம். 2000 வாக்கில்தான் அவற்றை வாங்கியிருந்தது.

அன்றிரவு என்ன நடந்தது என்பதில் இரண்டு தரப்பு உண்டு. நிலையத்துக்குத் திரும்பத் திரும்ப போன் செய்தோம், எடுக்க ஆளில்லை என்றது போலீஸ். எங்கள் ஆள் உள்ளே இருந்தார், பயந்துபோன மக்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு போன் லைன் நெரிசலாகிவிட்டது என்றது நிறுவனம். அவசர எச்சரிக்கைக் கருவியைப் போலீஸ் சரியாக அமைத்து வைத்திருந்தால் எங்கள் ஆள் போனை எடுக்கவே தேவையில்லை, எச்சரிக்கை தானாக ஒலிபரப்பாகியிருக்கும் என்றும் சொன்னது. அதில் உண்மை இருக்கிறது. அந்தக் கருவி வழியாக அன்றிரவு எச்சரிக்கை போகவில்லை. இந்தக் கதையை "ஆளில்லாத ஸ்டேஷன்" என்று ஒரே வரியில் சொல்லி முடிப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் நிறுவனத்தின் வாதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஆறு நிலையங்கள் உள்ள ஊரில், ஒரு ஆளும் ஒரு கருவியும் தவறினால் ஆறும் சேர்ந்து ஊமையாகும் நிலை எப்படி வந்தது? ஆறு முதலாளிகள் இருந்திருந்தால் யாராவது ஒருவருடைய ஆள் பதறிப்போய் மைக்கைத் திறந்திருக்க மாட்டாரா?

[திரையில்: 1996]

இதற்கு முன்னால் அமெரிக்காவில் வானொலி உரிமைக்கு இறுக்கமான வரம்பு இருந்தது. 1980களின் தொடக்கம் வரை நாடு முழுவதும் சேர்த்து ஒரு நிறுவனம் ஏழு ஏ.எம்., ஏழு எஃப்.எம். வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். வரம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. 1996 பிப்ரவரியில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட தொலைத்தொடர்புச் சட்டம் தேசிய வரம்பை அடியோடு எடுத்துவிட்டது. நாடு முழுக்க எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். ஊருக்குள் மட்டும் ஒரு படிநிலை: 45 நிலையங்களோ அதற்கு மேலோ உள்ள சந்தையில் எட்டு வரை, 30 முதல் 44 வரை இருந்தால் ஏழு, 15 முதல் 29 வரை இருந்தால் ஆறு. அந்த ஆறிலும் ஒரே வகையில் நான்குக்கு மேல் கூடாது.

நான்கு எஃப்.எம்., இரண்டு ஏ.எம். மைனாட்டின் ஆறும் ஒரே கைக்குப் போவதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை.

1996இல் கிளியர் சேனலிடம் இருந்தவை நாற்பதை ஒட்டிய நிலையங்கள். சில வருடங்களில் அது 1,200ஐத் தாண்டியது.

[திரையில்: ஒரு நிலையத்தின் உள்ளே. ஒலிபரப்பு அறை, விற்பனை மேசை, செய்தி அறை]

சரி, நிலையம் கைமாறியதும் உள்ளே என்ன மாறுகிறது?

முதல் நாள் கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது. பெயர் அதே, அலைவரிசை அதே, காலை நிகழ்ச்சியில் குரலும் அதே. மாற்றம் கணக்குப் புத்தகத்தில் தொடங்குகிறது. ஆறு நிலையங்களுக்கு ஆறு விற்பனைக் குழு எதற்கு? ஒன்று போதும். ஒரு இன்ஜினியர் போதும். ஒரு கட்டடம் போதும். இவையெல்லாம் நியாயமான சிக்கனம் என்றே நினைக்கிறேன். தனியாக நடத்தினால் நட்டத்தில் மூழ்கும் ஒரு ஏ.எம். நிலையம் இப்படிச் சேர்ந்து பிழைத்ததும் உண்டு.

அடுத்த வெட்டு செய்தி அறைக்கு. செய்தி அறை நேரடியாக வருமானம் தராது. மாநகராட்சிக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து இரண்டு நிமிடச் செய்தியோடு திரும்புகிறவருக்குச் சம்பளம் கொடுப்பது, தொலைவில் இருந்து பார்க்கும் கணக்காளருக்கு வீண் செலவாகத்தான் தெரியும். அவர் அந்த ஊரில் வசித்திருந்தால் அப்படித் தெரிந்திருக்காது.

மூன்றாவது, குரல். வாய்ஸ் டிராக்கிங் என்று ஒரு முறை இருக்கிறது. வேறொரு நகரத்தில் இருக்கும் அறிவிப்பாளர், பாட்டுக்கு நடுவே வரும் பேச்சை மட்டும் முன்கூட்டியே பதிவு செய்து அனுப்பிவிடுவார். நான்கு மணி நேர நிகழ்ச்சிக்கான பேச்சை ஒரு மணி நேரத்துக்குள் பதிவு செய்துவிடலாம். உள்ளூர்த் தெருப் பெயர், பள்ளி விளையாட்டுப் போட்டி, வானிலை எல்லாம் குறிப்பாக அவர் கைக்கு வந்துவிடும். அவர் அந்த ஊரைப் பார்த்தே இருக்க மாட்டார். கணினி பாட்டையும் பேச்சையும் விளம்பரத்தையும் கோத்து ஓடவிடும். இரவு ஷிப்ட்தான் முதலில் இப்படி மாறியது, ஏனென்றால் இரவில் விளம்பர வருமானம் குறைவு. விபத்தும் வெள்ளமும் இரவு பகல் பார்த்தா வருகின்றன?

பாட்டு விஷயத்தில் ஒரு ஆச்சரியம் உண்டு. எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும் என்றுதான் நானும் எதிர்பார்த்திருப்பேன். ஆனால் 2001இல் வெளிவந்த ஒரு பொருளாதார ஆய்வு, இணைப்புகளுக்குப் பிறகு ஒரு ஊரில் கிடைக்கும் நிகழ்ச்சி வகைகள் கூடியிருப்பதாகவே கண்டது. காரணம் எளிது. இரண்டு முதலாளிகள் இருந்தால் இருவரும் அதிகம் பேர் கேட்கும் பாட்டையே போட்டு மோதிக்கொள்வார்கள். ஒரே முதலாளி தன் கடைக்குத் தானே போட்டி வைப்பாரா? ஒன்றில் ராக், இன்னொன்றில் பழைய பாட்டு என்று பிரித்து வைப்பார். ஆக, பாட்டு கெட்டுப்போனது என்பது இந்தக் கதையில் பெரிய புகார் அல்ல. ஊரைப் பற்றிப் பேச ஊரில் ஆளில்லாமல் போனதுதான் புகார்.

விளம்பரம் கொடுப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மளிகைக் கடைக்காரர் ஒரு நிலையத்தின் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று அடுத்ததற்குப் போனால், அங்கேயும் அதே விற்பனை ஆள் உட்கார்ந்திருப்பார். அதனால்தான் அமெரிக்க அரசின் நீதித்துறை அமைச்சகம் 90களின் இறுதியில், ஒரு ஊரின் வானொலி விளம்பரப் பணத்தில் 40 சதவீதத்துக்கு மேல் ஒரே கைக்குப் போகும் இணைப்புகளை உற்றுப் பார்க்கத் தொடங்கியது.

[திரையில்: ஏறிக்கொண்டே போகும் கடன் கோடு]

இனி வருவதைத்தான் நான் முக்கியம் என்று நினைக்கிறேன். நிலையத்தை யார் வாங்கினார்கள் என்பதைப் போலவே, எந்தப் பணத்தில் வாங்கினார்கள் என்றும் கேட்க வேண்டும்.

2008இல் பெயின் கேபிடல், தாமஸ் எச். லீ என்ற இரண்டு முதலீட்டு நிறுவனங்கள் சேர்ந்து கிளியர் சேனலை வாங்கின. பெரும்பகுதி கடன். இந்த மாதிரி வாங்கலில் கடன், வாங்குபவர் தலையில் ஏறாது. வாங்கப்பட்ட நிறுவனத்தின் தலையில் ஏறும். அதன் பிறகு மைனாட்டில் ஒரு கார் டீலர் விளம்பரத்துக்குத் தரும் பணத்தில் ஒரு பங்கு, அந்த ஊர் ஆட்களின் சம்பளமாக ஆவதற்கு முன் வட்டிக்குப் போய்ச் சேரும். அந்த வருடமே பொருளாதாரச் சரிவு. பின்னாலேயே விளம்பரப் பணம் இணையத்துக்கு நகர்ந்தது. வட்டி மட்டும் நகரவில்லை.

2014இல் நிறுவனம் ஐஹார்ட்மீடியா என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2018 மார்ச்சில் சுமார் 2,000 கோடி டாலர் கடனோடு திவால் பாதுகாப்பு கேட்டது. கடனைப் பெருமளவு குறைத்துக்கொண்டு 2019இல் வெளியே வந்தது. 2020 ஜனவரியில் பல ஊர்களில் அறிவிப்பாளர்களையும் தயாரிப்பாளர்களையும் வேலையிலிருந்து நீக்கியது. இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டுமில்லை. கியுமுலஸ், ஆடசி என்ற வேறு இரண்டு பெரிய வானொலி நிறுவனங்களும் முறையே 2017இலும் 2024இலும் இதே திவால் வாசலில் நின்றன. அந்தந்த ஊரில் நிலையம் தினசரி லாபத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். மூழ்கடித்தது தலைமையிடத்துக் கடன்.

இதற்கு நடுவில் 2017 அக்டோபரில், வானொலி உரிமங்களைக் கவனிக்கும் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் இன்னொரு விதியையும் நீக்கியது. ஒரு நிலையம் தான் ஒலிபரப்பும் ஊரிலோ அருகிலோ ஸ்டுடியோ வைத்திருக்க வேண்டும் என்பது சுமார் எண்பது வருடப் பழைய விதி. இன்று அது கட்டாயமில்லை. டவர் ஊரில் இருந்தால் போதும்.

[திரையில்: நியூ ஆர்லியன்ஸ், 2005]

இதற்கு எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை மூழ்கடித்தபோது, அங்கே பல நிலையங்களை வைத்திருந்த என்டர்காமும் கிளியர் சேனலும் போட்டியை மறந்து கூட்டாக ஒலிபரப்பின. நகரத்தில் ஸ்டுடியோக்கள் முடங்கியதும் பேட்டன் ரூஜில் இருந்த கிளியர் சேனலின் இடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். எங்கே தண்ணீர், எந்தப் பாலம் திறந்திருக்கிறது என்று மக்கள் அதில்தான் கேட்டார்கள். ஒற்றை நிலையம் வைத்திருக்கும் சின்ன முதலாளிக்கு அடுத்த ஊரில் மாற்று ஸ்டுடியோ ஏது? பெரிய நிறுவனத்தின் பலம் அங்கே உயிர் காத்தது. ஒன்றையும் கவனிக்க வேண்டும்: அந்த மைக்கின் முன் உட்கார்ந்தவர்கள் அந்த ஊரின் தெருக்களை அறிந்த உள்ளூர் ஆட்கள். பலமும் ஆளும் சேர்ந்ததால்தான் அது நடந்தது.

மைனாட் சம்பவத்தை வடக்கு டகோட்டா செனட்டர் பைரன் டோர்கன் தொடர்ந்து எழுப்பினார். 2003 ஜூனில் ஆணையம் ஊடக உரிமை வரம்புகளை இன்னும் தளர்த்த வாக்களித்தபோது, எதிர்த்துப் பேசியவர்கள் கையில் மைனாட் இருந்தது. லட்சக்கணக்கான மக்கள் ஆணையத்துக்கு எழுதினார்கள். வழக்கு நீதிமன்றங்களில் பல வருடம் இழுத்தது. கையில் கிடைத்த பலன் வேறு பக்கத்திலிருந்து வந்தது: 2011 ஜனவரியில் கையெழுத்தான உள்ளூர்ச் சமூக வானொலிச் சட்டம், லாப நோக்கமற்ற அமைப்புகள் குறைந்த சக்தி எஃப்.எம். நடத்த வழியை அகலமாக்கியது.

[திரையில்: இந்திய வரைபடம், தமிழ்நாட்டு நகரங்கள்]

நம் பக்கம் நிலைமை என்ன? இந்தியாவில் ஊர் வரம்பு கொஞ்சம் இறுக்கமானது. ஒரு நகரத்தின் தனியார் அலைவரிசைகளில் 40 சதவீதத்துக்கு மேல் ஒரு நிறுவனம் வைத்திருக்கக் கூடாது, அதுவும் அந்த நகரத்தில் குறைந்தது மூன்று நிறுவனங்கள் இருந்தால்தான். நாடு முழுவதற்கும் இருந்த 15 சதவீத வரம்பு 2022இல் நீக்கப்பட்டது. ஊர் வரம்பு இருப்பதால்தான் கோவையில் சூரியன், மிர்ச்சி, ஹலோ, ரேடியோ சிட்டி என்று வேறு வேறு முதலாளிகளைக் கேட்க முடிகிறது. மைனாட் போல எல்லாமே ஒரு கைக்குப் போக வழியில்லை.

ஆனால் மத்திய அரசின் 2011 எஃப்.எம். கொள்கை, ஒரு நிறுவனம் தன் நிகழ்ச்சியைத் தன் நிலையங்கள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் ஒலிபரப்ப அனுமதி தந்தது. அப்புறம், தனியார் எஃப்.எம்.மில் சொந்தச் செய்தியே கூடாது. ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் ஒலிபரப்பலாம். போக்குவரத்து, வானிலை, குடிநீர், மின்தடை போன்ற அறிவிப்புகளுக்குத் தடையில்லை. மணிக்குப் பத்து நிமிடம் செய்தி அனுமதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023இல் பரிந்துரைத்தது. வெட்டுவதற்குச் செய்தி அறையே இல்லாத இடத்தில், ஊரில் மிச்சம் இருப்பவர் ஆர்ஜே மட்டும்தான்.

2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை புதிதாக 234 நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் தந்தது. திண்டுக்கல், கரூர், தஞ்சாவூர் போன்ற நம் ஊர்களும் அதில் உண்டு. பெரிய நகரங்களில் ஏற்கெனவே நிலையம் நடத்துபவர்கள் இங்கேயும் ஏலம் கேட்டால், மதுரையிலோ சென்னையிலோ தயாராகும் நிகழ்ச்சியைத் தஞ்சாவூர் டவரில் ஏற்றிவிடுவது அவர்களுக்கு மிகவும் மலிவான வழி. உரிமத்தில் ஒரு நிபந்தனை சேர்க்கலாம் என்பது என் கருத்து: இரவு பகல் எந்நேரமும் ஒலிபரப்பை நிறுத்தி மைக்கில் பேச அதிகாரம் உள்ள ஒருவர் அந்த மாவட்டத்துக்குள் இருக்க வேண்டும், அவர் எண் கலெக்டர் அலுவலகத்தின் 1077 கட்டுப்பாட்டு அறையில் இருக்க வேண்டும், நிலையம் கைமாறினால் புதிய முதலாளி அந்த எண்ணை முதல் நாளே புதுப்பிக்க வேண்டும்.