நிஷாதத்தை ஷட்ஜமாக வைத்தால்

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்கு லோக்ரியன் என்ற மோடைப் பற்றிப் பேசப்போகிறேன். மோட் என்றால் ஒரே சுரங்களை அவற்றில் ஏதாவது ஒன்றை ஆதாரமாக வைத்து வாசிக்கும் வரிசை. மேற்கத்திய இசை படிக்கிறவர்கள் ஏழு மோட்களை வரிசையாக மனப்பாடம் செய்யும்போது கடைசியில் வருவது இது, "இதை யாரும் வாசிப்பதில்லை" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு இது பொறுப்பதே இல்லை. ஏன் வாசிப்பதில்லை என்று கொஞ்சம் கிளறினால், நம் காது எந்தச் சுரத்தை ஆதாரமாக ஏற்றுக்கொள்கிறது, எதை ஏற்க மறுக்கிறது என்ற பெரிய விஷயம் வெளியே வரும்.

கீபோர்டில் வெள்ளைக் கட்டைகளை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். சி-யை ஷட்ஜமாக, அதாவது ஆதாரமான 'ச'வாக வைத்தால் மேஜர் ஸ்கேல், அதாவது நம் சங்கராபரணத்தின் சுரங்கள். கட்டைகளை மாற்றாமல் ஷட்ஜத்தை மட்டும் நகர்த்துவோம். 'ரி'யான ரிஷபத்துக்குப் போனால் கரகரப்பிரியா, 'க'வான காந்தாரத்துக்குப் போனால் தோடி, அப்புறம் கல்யாணி, ஹரிகாம்போதி, நடபைரவி. கச்சேரிகளில் பாடகர் கிரகபேதம் செய்யும்போது இதைக் கேட்டிருப்பீர்கள். மிச்சம் இருப்பது நிஷாதம், அதாவது 'நி', கீபோர்டில் பி. அதை ஷட்ஜமாக வைத்தால் 'ப'வான பஞ்சமம் வரவேண்டிய இடத்தில் பஞ்சமம் இல்லை! அரை சுரம் கீழே 'ம'வின் மேல் வகையான பிரதி மத்யமம் நிற்கிறது, பக்கத்திலேயே கீழ் வகையான சுத்த மத்யமமும் இருக்கிறது. தோடியில் பஞ்சமத்தை எடுத்துவிட்டு அங்கே பிரதி மத்யமத்தை வைத்தால் லோக்ரியன், அவ்வளவுதான். கர்நாடக இசையின் தாய் ராகங்களான 72 மேளங்கள் எல்லாவற்றிலும் பஞ்சமம் உண்டு என்பதால் அந்தக் கணக்கில் இதற்கு இடமே கிடையாது.

ஆனால் பழந்தமிழ் இசையின் ஏழ்பாலையில், அதாவது ஏழு சுர வரிசைகளில், இடம் உண்டு. செம்பாலையை ஹரிகாம்போதி என்று கொள்ளும் அறிஞர்களின் கணக்கில் கைக்கிளையை (காந்தாரத்தை) குரலாக (ஷட்ஜமாக) வைத்துப் பாடினால் வருவது செவ்வழிப்பாலை, அதுதான் இது. இருமத்திமத் தோடி என்றும் சொல்வார்கள். ஐரோப்பாவில் கிளாரியன் என்ற சுவிஸ் அறிஞர் 1547-இல் 12 மோட்களை வகுத்தபோது இதைத் தள்ளிவைத்துவிட்டார்.

சரி, பஞ்சமம் இல்லாவிட்டால் என்ன? இல்லாமல் எத்தனையோ ராகம் இருக்கிறதே. இங்கேதான் நான் எப்போதும் நேரம் எடுத்துக்கொள்வேன். ஒரு தம்புரா தந்தியை, அல்லது கிதார் தந்தியை, அதன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இடத்தில் அழுத்தாமல் லேசாகத் தொட்டுக்கொண்டு மீட்டிப் பாருங்கள். மேல் பஞ்சமம் கேட்கும். அது நாம் புதிதாக உண்டாக்கியது கிடையாது, வெறும் ஷட்ஜத்தை மீட்டும்போதே உள்ளே ஒலித்துக்கொண்டிருப்பது. ஷட்ஜம் 240 ஹெர்ட்ஸ் என்றால் அதன் மூன்றாவது ஒத்திசை 720, அதுதான் மேல் பஞ்சமம். லோக்ரியனில் நாம் வாசிக்கிற பிரதி மத்யமமோ மேல் ஸ்தாயியில் ஏறக்குறைய 680. ஆக, ஷட்ஜம் தனக்குள்ளேயே பஞ்சமத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, ஸ்கேல் அதை ஒட்டினாற்போல் வேறொன்றைச் சொல்கிறது. மறுபடியும் சொல்கிறேன், பஞ்சமத்தை நீங்கள் விட்டாலும் தந்தி விடாது.

மேற்கத்திய முறையில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஷட்ஜத்தின் மேல் கட்டும் கார்டே, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களே, பஞ்சமம் குறைந்த டிமினிஷ்ட் கார்டாகிவிடுகிறது, பாட்டு வந்து முடியவேண்டிய இடமே எங்கேயோ போகத் துடிக்கிறது.

கிதார் படிக்கும் பையன் ஒருவன் லோக்ரியனில் மெட்டுப் போட்டிருக்கிறேன் என்று வந்தான். முதல் வரி நன்றாகவே இருந்தது. இரண்டாவது வரியில் மேலே ஏறி இறங்கி, ஷட்ஜத்துக்கு அரை சுரம் மேலே இருக்கும் சி-யில் ஒரு கணம் நின்றான். நிறுத்தச் சொல்லிவிட்டு அறையில் இருந்த மற்றவர்களிடம் "ஷட்ஜத்தை முனகுங்கள்" என்றேன். எல்லோரும் சி-யைத்தான் முனகினார்கள். அவனுடைய லோக்ரியன் சங்கராபரணமாகி அரை நிமிடம் ஆகியிருந்தது. பையனுக்கு ஒரே ஆச்சரியம், ஏனென்றால் அவன் ஒரு சுரம்கூட மாற்றவில்லை.

சுரங்களின் பட்டியல் மட்டும் மோட் ஆகிவிடாது, எங்கே நிற்கிறோம் என்பதும் சேர்ந்தால்தான் மோட். லோக்ரியனை நிறுத்த வேண்டுமானால் ஷட்ஜத்தை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். சுருதிப் பெட்டியில் ஷட்ஜம் மட்டும் போடுங்கள், பஞ்சமம் வேண்டாம். இந்துஸ்தானியில் பஞ்சமம் இல்லாத ராகத்துக்குச் செய்வதுபோல் மத்யமம் சேர்க்கலாமே என்று தோன்றும், அது இங்கே ஆபத்து, ஷட்ஜம் அந்த மத்யமத்துக்குப் பஞ்சமமாகிவிடும், காது மத்யமத்தையே ஷட்ஜமாக எடுத்துக்கொண்டு தோடிக்கு நழுவிவிடும். சின்னச் சின்னப் பிடிகளாக வாசித்து ஒவ்வொன்றையும் ஷட்ஜத்தில் முடியுங்கள், சி-யில் மட்டும் நிற்காதீர்கள். அப்படிக் கேட்கும்போது இந்த மோடுக்கு ஒரு தனி இறுக்கம் வரும், வேறு எதிலும் அதை நான் கேட்டதில்லை.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். ஜாஸ் பற்றிச் சொல்ல நிறைய வைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். ஜாஸ்காரர்களுக்கு லோக்ரியன் அன்றாடம் வேண்டியது. மைனர் பாட்டில் இரண்டாவது சுரத்தின் மேல் வரும் கார்டு, ஏ மைனர் என்றால் பி, டி, எஃப், ஏ, ஓரிரு பார் வந்து அடுத்த கார்டுக்குப் போய்விடும், அதன்மேல் வாசிக்க லோக்ரியன் அப்படியே பொருந்தும். அங்கே யாரும் குடியிருக்கத் தேவையில்லை என்பதால் பஞ்சமம் இல்லாத குறையும் தெரியாது. சுத்த ரிஷபம் அந்தக் கார்டோடு உரசுகிறது என்று அதை மட்டும் அரை சுரம் ஏற்றி வாசிப்பவர்களும் உண்டு. இரண்டையும் வாசித்துப் பாருங்கள். வணக்கம்.