அட்டை முதலில், புல் அப்புறம்

நேயர்களுக்கு வணக்கம்.

கோல்ஃப் என்றதும் நம்மூர்க்காரர் கண்முன் வருவது தொலைக்காட்சியில் பார்த்த பச்சைக் கம்பளம். அது ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெள்ளைக்காரன் கொண்டுபோன ஆட்டம், நமக்கும் அதற்கும் என்ன ஒட்டு உறவு என்று கேட்பார்கள். கல்கத்தாவில் 1829இல் கிளப் தொடங்கியாயிற்று, கொடைக்கானலில் 1895இல். அத்தனை காலமாக நாட்டுக்குள் இருக்கிற ஆட்டம் தாமிரபரணிக் கரைக்குப் பரவாததற்குத் தண்ணீரைத்தான் எல்லாரும் காரணம் சொல்கிறார்கள். அது பாதிக் காரணம்தான். ஒரு வட்டாரத்தில் இந்த ஆட்டத்தை நிலைநிறுத்தி வளர்ப்பது புல் அல்ல, பந்தைக் குழியில் போட எத்தனை அடி ஆயிற்று என்று எழுதும் அட்டை. குறைந்த அடியில் முடிப்பவரே வெல்வார். அந்த அட்டையை நேர்மையாக வைத்திருக்கும் குழு அமையாத இடத்தில் நூறு ஏக்கர் பச்சை இருந்தும் பயனில்லை.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விதிகளை எழுதுவது ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள ஆர் அண்ட் ஏ அமைப்பும், அமெரிக்க கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ.வும். இந்தியாவில் அமெச்சூர் ஆட்டத்தை, அதாவது பிழைப்புக்காக அல்லாமல் ஆடுவதை, கவனிப்பது 1955இல் உருவான இந்தியன் கோல்ஃப் யூனியன். அதன் குடைக்குக் கீழே மாநிலச் சங்கங்கள், கிளப்புகள். வட்டாரம் செய்ய வேண்டிய வேலை நான்கு: மைதானத்துக்குத் தரம் குறிப்பது, ஹேண்டிகேப் கணக்கைச் சரிபார்ப்பது, நடுவர்களைத் தயார் செய்வது, பிள்ளைகளுக்கு வரிசையாகப் போட்டி நடத்துவது. கோவில்பட்டியில் ஹாக்கி வேரூன்றியதைப் பாருங்கள். காலைப் பயிற்சி, கோடை முகாம், ஆண்டு தவறாத போட்டி, இவைதான் அங்கே அடித்தளம். செயற்கைப் புல் மைதானம் பிறகு வந்தது.

ஹேண்டிகேப்புக்கு வருவோம். தெருவில் விளையாடும்போது சின்னப் பிள்ளையை 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வோம் அல்லவா? அதற்கு நேர் எதிரானது இது. பலவீனமான ஆட்டக்காரருக்கு இத்தனை அடி சலுகை என்று எண்ணிக் கொடுத்து, அவரையும் வெல்லக்கூடியவராக ஆக்குவது. 2020க்கு முன்பு உலகில் இதற்கு ஆறு வெவ்வேறு முறைகள் இருந்தன. இப்போது ஒரே முறை. முதல் எண் கிடைக்க 54 குழி (தொடக்க இடத்திலிருந்து பந்து விழும் குழி வரையிலான பாதையைத்தான் ஒரு குழி என்று எண்ணுவார்கள்) ஆடிய அட்டைகள் வேண்டும்: 18 குழி ஆட்டமானால் 3 அட்டை, 9 குழியானால் 6. ஒருவர் 98 அடியில் முடித்தார், அந்த மைதானத்தின் ரேட்டிங் (தேர்ந்த ஆட்டக்காரர் அங்கே எடுக்கக்கூடிய அடி) 69.2, ஸ்லோப் எண் (சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கூடுதல் கடினம் என்பதன் அளவு) 120 என்று வைத்துக்கொள்வோம். 98இல் 69.2 போக மீதி 28.8. அதை நடுத்தர மைதானத்தின் ஸ்லோப் எண்ணான 113ஆல் பெருக்கி 120ஆல் வகுத்தால் 27.1. இப்படி மூன்று அட்டைக்கும் கணக்கிட்டு, மிகக் குறைந்த எண்ணிலிருந்து 2 கழித்தால் அவருடைய தொடக்க ஹேண்டிகேப். 20 அட்டை சேர்ந்த பிறகு, கடைசி இருபதில் சிறந்த எட்டின் சராசரி. உச்சவரம்பு 54. கணினி இந்தக் கணக்கைப் போட்டுவிடும். மனிதர் செய்ய வேண்டியது அட்டையை உண்மையாக எழுதுவது மட்டும்தான், கெடுவதும் அங்கேதான்.

கெடுவதற்கு மூன்று வழி. நன்றாக ஆடிய அட்டையை மட்டும் கொடுப்பவர் ஒரு வகை. இவர் ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார், போட்டியில் தோற்பார். இவரால் பிறருக்கு நஷ்டமில்லை. மோசமாக ஆடிய அட்டையை மட்டும் கொடுத்துச் சலுகையை ஏற்றிக்கொண்டு, கோப்பை நாளில் மட்டும் நன்றாக ஆடுபவர் இரண்டாவது வகை. இவர்தான் ஒரு கிளப்பைக் காலி செய்பவர். இதற்காகவே முறைக்குள் ஒரு கடிவாளம் இருக்கிறது. முந்தைய 12 மாதத்தில் அவர் தொட்ட மிகக் குறைந்த எண்ணுக்கு மேல் 3 ஏறியதும் ஏற்றம் பாதியாகும், 5க்கு மேல் ஏறவே ஏறாது. மூன்றாவது, குழிக்கு இரண்டடி தள்ளிப் பந்து நிற்கும்போது "போதும் அண்ணாச்சி, எடுத்துக்கோங்க" என்று சொல்வது. அன்பான பழக்கம்தான். ஆனால் அடிகளை எண்ணி ஆடும் போட்டியில் பந்து குழிக்குள் விழுந்தே ஆக வேண்டும். கூட ஆடியவர் கையெழுத்து இல்லாத அட்டையை வாங்காமல் திருப்பிக் கொடுக்கத் துணிந்தவர் குழுவில் ஒருவராவது வேண்டும். ஒரே ஆள் பத்து வருஷம் கணக்குப் புத்தகத்தை வீட்டில் வைத்திருக்கும் ஏற்பாடு ஆகாது. மூன்று பேர் வேண்டும், அதில் ஒருவர் பெண்கள் பிரிவிலிருந்து.

சரி, மைதானம். முழு அளவு 18 குழிக்கு நூறு ஏக்கருக்கு மேல் போகும், அந்தப் பேச்சை இப்போதைக்கு விட்டுவிடுவோம். 2024இல் விதி தளர்ந்தது: 9 குழியின் மொத்த நீளம் 750 கெஜம் இருந்தாலே தரம் குறித்து ஹேண்டிகேப் கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம். அதாவது குழிக்குச் சராசரி 76 மீட்டர். 12 ஏக்கரில் நெருக்கியும், 15 ஏக்கரில் தாராளமாகவும் அமையும். தரம் குறிப்பவர்கள் வெறும் நாடாப் பிடித்து அளப்பதோடு நிறுத்துவதில்லை. ஆண்களுக்கான கணக்கில், முதல் அடியில் பந்தை 250 கெஜம் அனுப்பும் தேர்ந்தவர் ஒருவர், 200 கெஜம் அனுப்பும் சாதாரணர் ஒருவர் என இரண்டு பேரைக் கற்பனை செய்து, இருவருக்கும் மேடு பள்ளம், மணல் குழி, மரம், தண்ணீர் எவ்வளவு இடைஞ்சல் என்று தனித்தனியே மதிப்பிடுவார்கள். ஸ்லோப் எண் என்பது அந்த இருவருக்கும் இடையிலான வித்தியாசம்.

குழிகளை எந்தத் திசையில் வரிசைப்படுத்துவது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. வலக்கைப் பழக்கமுள்ள புது ஆட்டக்காரரின் தப்படி பெரும்பாலும் வலப்பக்கம்தான் போகும். அதனால் கோவிலில் பிரகாரம் வலம் வருவது போலக் குழிகளை அமைக்க வேண்டும். அப்போது வெளி எல்லை, அதாவது ரோடும் வீடுகளும், இடக்கைப் பக்கம் இருக்கும். தப்பிய பந்து உள்ளேதான் விழும். மாற்றி அமைத்தால் முதல் வாரமே பக்கத்து வீட்டு ஓடு உடையும், மூன்றாவது வாரம் மைதானத்தை மூடச் சொல்லி மனு வரும்.

இடம் தேடும்போது இரண்டு எச்சரிக்கை. கோடையில் வற்றிக் கிடக்கும் குளம் பார்க்க விசாலமாக இருக்கும். அது நீர்நிலை, அதில் கை வைக்கவே கூடாது. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி செம்மணல் வேறு ஆசையைக் கிளப்பும், ஏனென்றால் இந்த ஆட்டம் பிறந்த ஸ்காட்லாந்துக் கடற்கரையும் காற்று குவித்த மணல் மேடுதான். ஆனால் அங்கே மெல்லிய புல் மணலை இறுக்கிப் பிடித்திருக்கிறது. நம் தேரியில் கால் புதையும், பந்து உருளாது, ஊற்றிய தண்ணீர் நிற்காது. அதோடு குதிரைமொழித் தேரி காப்புக்காடு. எனவே பட்டா நிலமாக உள்ள சரள் பொட்டலே நமக்குத் தோது.

அந்தப் பொட்டலில், குழியைச் சுற்றி இருக்கும் பச்சைத் திட்டுக்குப் பதில் மணல் திட்டு போடலாம். வறண்ட நாடுகளில் பழைய நடைமுறை இது, 'பிரவுன்' என்பார்கள். 12 மீட்டர் விட்டத்தில் வட்டம் வெட்டி, சரள் போட்டுத் திமிசுக் கட்டையால் இறுக்கி, மேலே 5 செ.மீ. கனத்துக்குச் சலித்த எம்சாண்ட். ஒரு திட்டுக்குச் சரியாக 2 யூனிட் பிடிக்கும். மணல் பறக்காமலிருக்க அந்தக் காலத்தில் பழைய என்ஜின் ஆயில் ஊற்றினார்கள். நாம் அதைச் செய்யக் கூடாது, பக்கத்துக் கிணற்றுக்கு இறங்கிவிடும். காலையில் பூவாளியால் நனைத்தால் பத்து மணி வரை தாங்கும். ஒவ்வொருவரும் ஆடிய பின் சாக்கு கட்டிய குழாயை இழுத்துத் தடம் அழிக்க வேண்டும். குழியில் ஒரு சிக்கல் உண்டு. விதிப்படி அதன் விட்டம் 108 மி.மீ. கடையில் கிடைக்கும் நாலு இஞ்ச் பி.வி.சி. பைப்பின் வெளி விட்டம் 110. அதை நறுக்கிப் புதைத்தால் மைதானமே விதிக்குப் புறம்பாகிவிடும். இதற்கென்றே விற்கும் கிண்ணத்தை வாங்குவதுதான் வழி.

பிற்பாடு புல் வேண்டுமென்றால், வெளிநாட்டு விதைக்கு அலைய வேண்டாம். பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லைத்தான் வெப்ப நாடுகளில் பெர்முடா புல் என்கிறார்கள். விலை உயர்ந்த கோல்ஃப் புல் வகைகள் பலவும் அதன் ஒட்டு இனங்கள். 400 சதுர மீட்டர் திட்டுக்கு வெயில் காலத்தில் நாளுக்கு 5 மி.மீ. தண்ணீர் என்றால் 2,000 லிட்டர், ஒன்பது திட்டுக்கு 18,000. இதைச் சமாளிக்கலாம். தொடக்க இடத்துக்கும் திட்டுக்கும் நடுவிலுள்ள ஓடுபாதை முழுவதையும் பச்சையாக்க ஆசைப்பட்டால் ஒரு ஹெக்டேருக்கே நாளுக்கு 50,000 லிட்டர் ஆகும். நம் மாவட்டத்தில் அந்த ஆசை அநியாயம் என்றே சொல்வேன். நாட்டு அருகைத் திட்டில் 6 மி.மீ.க்குக் கீழே வெட்டினால் வழுக்கை விழும்.

போட்டி நாள்காட்டியைக் காற்றைப் பார்த்துப் போட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் மேல்காற்று வீசும். முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலை நிற்பது சும்மாவா? ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமென்றால் 46 கிராம்கூட இல்லாத பந்து என்ன செய்யும்? அந்த மாதங்களில் பயிற்சி மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளின் காற்று எல்லாருடைய அடியையும் ஏற்றிவிட்டால் ஹேண்டிகேப் முறை தானாக ஈடு செய்யும். ஆனால் 36 அல்லது அதற்குக் குறைந்த எண்ணுள்ள 8 பேராவது அன்று அட்டை கொடுத்திருக்க வேண்டும். தனித்தனியாக ஆடாமல் வட்டாரமாகச் சேர்ந்து ஆட இதுவும் ஒரு காரணம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு விட்டுவிடலாம். கோப்பைப் போட்டிக்கு ஜனவரி கடைசியும் பிப்ரவரியும். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை ஆறு முதல் எட்டரை வரை முகாம். 36 பேரை நான்கு நான்காகப் பிரித்து ஒன்பது குழியிலும் ஒரே நேரத்தில் தொடங்க வைத்தால் வெயில் ஏறுமுன் முடிந்துவிடும்.

பிள்ளைகளுக்கு 14 மட்டை எதற்கு? அது விதியின் உச்சவரம்பு, கட்டாயம் அல்ல. 7ஆம் எண் இரும்பு, 9ஆம் எண் இரும்பு, மணலிலிருந்து தூக்கி அடிக்கும் சாண்ட் வெட்ஜ், திட்டில் பந்தை உருட்டும் பட்டர், இந்த நான்கு போதும். பெரியவர் மட்டையை அறுத்துக் குட்டையாக்கிக் கொடுப்பது பரவலான தப்பு. தண்டு விறைத்துப்போகும், முனை எடை அப்படியே இருக்கும். பிள்ளை உடம்பை வளைத்துச் சுழற்றப் பழகிவிட்டால் அதைத் திருத்த ஒரு வருஷம் ஆகும். வலையில் அடிக்கும்போது வலையைச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டக் கூடாது, பந்து முகத்துக்கே திரும்பும். தொங்கலாக விட வேண்டும். அடிப்பவர்களுக்கு இடையே 3 மீட்டர் இடைவெளி, விசில் ஊதினால் எல்லா மட்டையும் தரையில். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்த அதிதி அசோக், பெங்களூரில் கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் பயிற்சி இடத்தில் சிறுமியாகத் தொடங்கியவர். மைதானத்துக்குள் இறங்குமுன் அடித்துப் பழக ஓர் இடம் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, அதுதான் விஷயம்.

பரிசு விஷயத்தில் நம்மூர்ப் பழக்கம் ஒன்று இடறும். கபடிப் போட்டியில் பணமுடிப்பு அறிவிப்பது போல இங்கே அறிவிக்கக் கூடாது. ஹேண்டிகேப் கழித்து வெற்றி சொல்லும் போட்டியில் ரொக்கம் வாங்கினால் ஆட்டக்காரரின் அமெச்சூர் தகுதி போய்விடும். நன்கொடை தரும் கடைக்காரர் ஆயிரம் ரூபாய்க்கு நோட்டுமாலை போட ஆசைப்பட்டால், அந்தப் பணத்துக்குப் பந்தும் மட்டையும் வாங்கிக் கிளப்புக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். கோப்பை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தடையில்லை.

கடைசியாக, முதல் குழிக்குப் பக்கத்தில் ஒரு பலகை, தமிழில். நம் நிலத்தில் தினமும் எழும் கேள்விகளுக்கு அதில் பதில் இருக்க வேண்டும். இயற்கையாகக் கிடக்கும் மணல் 'பங்கர்' (ஆட்டத்துக்கென்று அமைத்த மணல் குழி) ஆகாது, அங்கே மட்டையைத் தரையில் ஊன்றலாம். ஆட்டுப் புழுக்கையையும் உதிர்ந்த முள்ளையும் தண்டனையின்றி அகற்றலாம், ஆனால் அகற்றும்போது பந்து அசையக் கூடாது. எலி வளையிலோ கீரி வளையிலோ பந்து சிக்கினால் தண்டனையின்றி எடுத்து வெளியே போடலாம். உடைமரப் புதருக்குள் போனால் ஓர் அடி தண்டனையோடு இரண்டு மட்டை நீளத்துக்குள் வெளியே போடலாம். நின்ற பந்தை ஆடு தள்ளிவிட்டால் தண்டனை கிடையாது, பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். ஓடும் பந்து ஆட்டின் மேல் பட்டுத் திரும்பினால், போய் நின்ற இடத்திலிருந்து அடிக்க வேண்டும். ஆட்டுக்காரரிடம் சமாதானம் பேசுவது தனி.

வணக்கம்.